பத்து லட்சத்து ஒன்று

சின்னசேலம் சாலையை அகலப்படுத்துகிறார்களடி. புளியமரங்களை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். காலையில் பேருந்தில் போகும்போது பச்சை மர வாசனை ஜன்னல் வழியாக வந்தது. உன்னிடம் சொல்ல பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். நீ செத்து ஒரு வருஷமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போதும் இதே வாசனைதான். சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். காலையில் நம்மைக் கள்ளக்குறிச்சிப் பள்ளியில் இறக்கிவிட்ட பேருந்து மாலையில் வரவில்லை. இருவரும் ஊருக்கு நடந்தோம். உன் தெருக்காரர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாதென்று என் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஊர் முனையில் என் அண்ணன் ஆட்களோடு நிற்பான்.

"எல்லைக்கு முன்னாடியே பிரிஞ்சிடலாம். நாளையிலேர்ந்து நீ வேற, நான் வேற" என்றாய். பேச்சை மாற்ற, பத்து லட்சத்து ஒன்று பகா எண்ணா என்று கேட்டேன்.

உள்ளங்கையில் 10,00,001 என்று எழுதி, நூற்றொன்றால் வகுபடுமா என்று பார்த்தாய். "போவல. உடையாதுடி."

நூற்றொன்றுக்கு வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்ட வேண்டும். நீயோ கமா இருந்த இடத்தில் வெட்டி, வலக்கோடியில் மூன்று இலக்கத்தைச் சேர்த்து விட்டிருந்தாய்.

"லட்சம்னதும் மயங்கிட்டியா? கமாவுல வெட்டிக்கினு இன்னாடி கணக்கு?" என்றேன். சரியாக வெட்டினால் பூஜ்யம் வந்தது, அதாவது வகுபடும். 101 பெருக்கல் 9901.

"சீ, போடி" என்று சிரித்தாய். "அந்த 9901 உடையுதான்னு பாத்துட்டுதான் வூட்டுக்குப் போவேன்."

9901 நூறு நூறைவிடச் சின்னது, நூறு வரை பார்த்தால் போதும் என்று நூற்றுக்குள் இருக்கும் பகா எண்களைப் பங்கு போட்டோம். ஐம்பது வரை உனக்கு, அதற்கு மேல் எனக்கு. வகுத்துக்கொண்டே நடந்ததில் பிரிய வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

"இன்னா பேசிக்கினு வர்றீங்க?" என்று அண்ணன் மறித்தான்.

"கணக்குங்கண்ணா. இன்னும் முடியல" என்றாய்.

அவன் என்னை முறைத்தான். "எழுபத்தொம்போதுலயும் போவல" என்று உன்னிடம் சொன்னேன். அவன் வழியில் கிடந்த கிளையைக் காலால் ஒதுக்கிவிட்டான்.

என் வீட்டு வாசலில்தான் முடித்தோம். "என் பங்குல எதுலயும் போவல" என்றாய். என் பங்கிலும் போகவில்லை. மறுநாளும் சேர்ந்தே நடந்தோம்.

பிறகு நான் கணக்கு டீச்சரானேன். 9901 பகா எண் என்று பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஐம்பதுக்கு மேல் உள்ளவற்றை மட்டும்தான் கரும்பலகையில் வகுப்பேன். கீழே உள்ளவற்றை இன்றுவரை நான் வகுத்துப் பார்த்ததில்லை. நீ பார்த்துவிட்டாயே.