அவனுக்கு ஒரு லிட்டர், எனக்கு முப்பது மில்லி

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய விருந்து: காலையில் முப்பது மில்லி தண்ணீர். கால் மணி நேரம் ஓய்வு. மறுபடியும் முப்பது மில்லி தண்ணீர். மதியம் நாக்குக்கு ஒரு மாறுதல் வேண்டாமா? வடிகட்டிய சூப், அதுவும் முப்பது மில்லி. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடிதான் இப்போது என் தட்டு, டம்ளர், கிண்ணம் எல்லாம்.

எடை குறைக்கும் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து நாள். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து உள்ளே விட்டிருக்கிறார்கள். வயிற்றில் ஐந்து ஓட்டை. வலிப்பது மட்டும் தோள்பட்டை. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் அடித்த காற்று மேலே போய் உட்கார்ந்துகொண்டதாம். "நடங்க மேடம், தானா போயிடும்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே நடக்கிறேன். காற்றுக்குப் போக மனமில்லை. இந்த வீட்டில் என்னத்தைக் கண்டதோ.

அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள். வாசனைக்குக் கதவு ஒரு பொருட்டா?

மார்ச் 5, புதன்

ஏப்பம் வந்தது. அம்மா கைதட்டினாள்.

மார்ச் 7, வெள்ளி

ஆபீஸிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். நான் வாஷிங் மெஷின் கம்பெனியின் குறைதீர்ப்பு போனில் உட்கார்ந்து திட்டு வாங்கும் உத்தியோகம். அங்கே பித்தப்பைக் கல் என்று சொல்லியிருக்கிறேன். "கல்லு எவ்ளோ பெருசு?" என்றார். "நல்ல பெருசு சார்" என்றேன். பொய் இல்லை. எடுத்து வெளியே போட்டது ஒரு ஷூ அளவு இருந்ததாம்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்து இரண்டு வருடம். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். மிஞ்சினால் நுரையீரலில் தேங்கும். எனக்கோ ஒன்றரை லிட்டர் உள்ளே போயே ஆக வேண்டும். ஆனால் உள்ளே இடமில்லை. அம்மா பெற்றது இரண்டு. ஒன்று குடிக்கக் கூடாது, ஒன்றால் குடிக்க முடியாது. நடுவில் உட்கார்ந்து அவள் இருவரையும் மாறி மாறி முறைத்தாள்.

அண்ணன் என் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டி குண்டு, அதை வெச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் கொஞ்சுவ? இங்க குடு, ஒரே மடக்குல முடிச்சுத் தரேன்."

"உன் கோட்டா தீர்ந்துபோச்சா?"

"காலையில மாத்திரை போடவே பாதி போச்சு." சட்டைக்குள் கையை விட்டு முதுகைச் சொறிந்தான். தோல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. "சரி, மாப்பிள்ளை யாரு? பாத்து வெச்சுட்டுத்தான வயித்தை வெட்டிக்கிட்ட?"

"உன்னை மாதிரி அழகன் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கேன்."

சிரித்தான். சிரித்த களைப்பில் உள்ளே போய்ப் படுத்துவிட்டான். அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அவள் வாயெடுப்பதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். நல்லவேளை.

இந்த நோட்டிடமாவது உண்மையைச் சொல்லலாம். அண்ணிக்கு ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்கு வயதும் சர்க்கரையும். மிச்சம் இருப்பது நான். போன வருடம் பரிசோதித்தார்கள். எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. கிட்னி தானம் தொடர்பான காகிதங்களைப் பார்க்கும் ஆஸ்பத்திரி மேடம் (நான் வைத்த பேர் ஃபைல் மேடம்) தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எண்பத்தஞ்சுக்குக் கீழ வாங்க, அப்புறம் பேசலாம்." நான் நூற்றுப் பதினெட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. அண்ணி ஒருமுறை மெதுவாக என் பேரை எடுத்தபோது, "அவ கிட்னியா? மாடி ஏறினா அதுக்கே மூச்சு வாங்கும்" என்றான். நான் பக்கத்து அறையில். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட இந்தப் பேச்சை எடுத்தேன்னா பாரு" என்றான். முதல் வாக்கியம்தான் எனக்கு முதலில் கேட்டது. இரண்டாவது உறைக்க எட்டு மாதம் ஆனது.

ஆகவே ஊர் உலகத்துக்கு நான் அழகாகப் போகிறேன். இருக்கட்டும். அழகுக்கு எல்லாரும் வழி விடுகிறார்கள்.

மார்ச் 12, புதன்

டிவியில் பத்து நிமிடத்துக்கு ஒரு பீட்சா விளம்பரம். வயிறு பசிக்கவில்லை, அது மயக்கத்தில் கிடக்கிறது. பசிப்பது மண்டைக்கு. மண்டையை வெட்ட மறந்துவிட்டார்கள்.

மார்ச் 15, சனி

பிஸ்கட். ஒன்றே ஒன்று. அதுவும் பாதி.

அம்மா மாடியில் துணி உலர்த்தப் போன நேரம். மென்று விழுங்கிய மறு நிமிடம் நெஞ்சுக்கு நடுவில் யாரோ முட்டுக்கால் போட்டு ஏறி உட்கார்ந்த மாதிரி. எச்சில் நுரை நுரையாக. அரை மணி நேரம் வாஷ்பேசினைக் கட்டிப் பிடித்தபடி. தையல் விட்டிருந்தா? ஒழுகியிருந்தா? அண்ணன் அங்க டயாலிசிஸ் ஊசி குத்திக்கிட்டு நாலு மணி நேரம் படுத்திருக்கான், எனக்குப் பிஸ்கட் கேக்குதா?

டாக்டருக்கு போன் செய்தேன். ஜுரம் இருக்கா, நாடி எவ்வளவு என்றெல்லாம் கேட்டுவிட்டு, "இனிமே வேண்டாம்" என்றார். மிகவும் உபயோகமான அறிவுரை. இதை முப்பது வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

நூற்று ஏழு. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டு டீச்சர் என்னைப் பார்த்து, "முகமெல்லாம் வாடிப்போச்சே" என்றார். போன மாதம் வரை, "கொஞ்சம் குறைக்கக் கூடாதா" என்றவர் இவரேதான்.

இன்னும் இருபத்திரண்டு கிலோ.

மார்ச் 25, செவ்வாய்

காலை பதினோரு மணி. மசித்த காய்கறியில் நாலாவது கரண்டியில் இருந்தேன். அண்ணியின் போன். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"டயாலிசிஸ்ல படுக்க வெச்ச நேரத்துல கூப்பிட்டாங்க. பட்டியல்ல அவர் பேரு வந்துருச்சு. யாரோ விபத்துல... மூளைச்சாவாம். வீட்டுக்காரங்க குடுக்கச் சம்மதிச்சுட்டாங்க. பொருந்துது. இன்னிக்கே ஆபரேஷன்."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான். நீ அம்மாகிட்ட சொல்லு. நான் கையெழுத்துப் போடப் போறேன்."

சொன்னேன். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 26, புதன்

"ஒண்ணுக்குப் போயிட்டார்! தானா வருது! பை நிறைய!" அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்தியது போனில் கேட்டது. இரண்டு வருடம் கழித்து. இப்படி ஒரு விஷயத்துக்கு ஒரு குடும்பமே கண்ணீர் விட்டு வாழ்த்தியது இதுவே முதல் முறையாக இருக்கும். இனி ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

மார்ச் 27, வியாழன்

சந்தோஷம். சந்தோஷம்தான். யார் இல்லேன்னா?

அப்புறம் ஏன் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறேன்? ஒரு மாசம் பொறுத்திருந்தா என்ன? யார் அவசரப்படுத்தினா? யாரும் கேட்காமலே போய்ப் படுத்து, கத்தியைக் குடுன்னு நீட்டினவ நான். வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியுமா? குறைதீர்ப்பு எண்ணுக்கு போன் போடலாம். நானேதான் எடுப்பேன். "மன்னிக்கவும் மேடம், விற்ற பொருளைத் திரும்பப் பெற இயலாது."

இதை யாரிடம் சொல்வது? அண்ணன் பிழைத்ததற்கு வருத்தப்படுகிறவள் என்று ஆகிவிடும். வருத்தம் அதற்கில்லை. எனக்கு ஒரு வேலை இருந்தது. அது போய்விட்டது. அவ்வளவுதான்.

மார்ச் 29, சனி

விபத்தில் போனவருக்கு இருபத்தாறு வயதாம். அந்த வீட்டிலும் ஒரு அம்மா தரையில் உட்கார்ந்திருப்பாள். நான் என் இரைப்பைக்கு ஒப்பாரி வைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

ஆபீஸ். எல்லாரும் என் பித்தப்பைக் கல்லைப் பாராட்டினார்கள். சூப்பர்வைசர், "எனக்கும் ஒரு கல்லு வந்தா தேவலை" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். நூற்று மூன்று.

எண்பத்தைந்துக்கு இனி யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் தராசில் ஏறினேன். எதற்கு? தெரியவில்லை. ஏறினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

போச்சு. எல்லாம் கெட்டது.

அண்ணன் நேற்று டிஸ்சார்ஜ் ஆகித் தன் வீட்டுக்குப் போய்விட்டான். கிளம்பும்போது ஃபைல் மேடம் வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, பாவம், உங்களுக்காக ஆபரேஷனெல்லாம் பண்ணிக்கிட்டாங்க" என்று சிரித்த முகத்தோடு போட்டு உடைத்துவிட்டுப் போனாராம். அண்ணி போனில் அழுகிறாள். அண்ணனிடமிருந்து எனக்கு போன் இல்லை, மெசேஜ் இல்லை.

நன்றி சொல்லி உருகப்போகிறானா? ஐயோ. அதற்கு அந்தப் பிஸ்கட்டே மேல்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கவலைப்பட்டிருக்க வேண்டாம். நன்றியெல்லாம் சொல்லவில்லை.

காலையில் முட்டை அவித்து மேசையில் வைத்த நேரம், வாசலில் முகமூடியோடு நின்றான். பின்னால் அண்ணி, "நாலு சுவத்துக்குள்ள இருங்கன்னா கேக்கறாரா?" என்று புலம்பிக்கொண்டே. நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான்.

"யாருடி உன்னைக் கேட்டா?"

"யாரும் கேக்கல."

"ஆபரேஷன் டேபிள்லயே நீ போயிருந்தேன்னா? அம்மாவுக்கு யார் பதில் சொல்றது? நானே ஒரு காலைக் குழிக்குள்ள வெச்சிருந்தவன், என்னை நம்பியா நீ போய்ப் படுத்த?"

"கத்தாத. தையல் பிரிஞ்சிடும்."

"பிரியட்டும்!"

"உனக்காகன்னு யார் சொன்னா? அழகுக்குப் பண்ணிக்கிட்டேன். ஊருக்கே தெரியும்."

"பொய் சொல்லாதடி. உனக்குப் பொய் வராது. மூக்கு விடைக்குது."

அம்மா எட்டிப் பார்த்து, எதுவும் புரியாமல், இருவருக்கும் பொதுவாக ஒரு அதட்டுப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அண்ணியும் அவள் பின்னால் போய்விட்டாள். அண்ணன் முகமூடிக்கு மேலே கண்ணைத் துடைத்தான். நான் பார்க்காத மாதிரி முட்டையை உரித்தேன். தோலில் இப்போது சாம்பல் இல்லை அவனுக்கு.

"சாப்பிடு" என்றான்.

"நேரமாகும்."

"ஆகட்டும்."

கடுகளவு விண்டு, இருபது தடவை மென்று, கரண்டியைக் கீழே வைத்து, காத்திருந்து, மறுபடி விண்டு. பார்க்கிறவனுக்குத் தூக்கம் வரும் வேலை. பாதியில் அண்ணி வந்து கிளம்பலாமா என்றாள். கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

ஒரு முட்டைக்கு நாற்பது நிமிடம். கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசித் துண்டை நான் விழுங்கிய பிறகுதான் எழுந்தான்.