பழனியில் இறக்கிய முடி

வட்டகொடை,
18-2-1957

அன்பு மகள் பூவாயிக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதைப் போன வாரந்தான் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன், இருந்தாலும் பெற்றவள் கேட்காமல் இருக்க முடியாது, சுகந்தானே? எப்போதும் கடிதம் எழுதித் தருகிற வாத்தியாரிடம் இந்த விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

உன் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கினால் பழனிக்கு வந்து முடி இறக்குகிறேன் என்று நேர்ந்துகொண்டது நான். வெள்ளிக்கிழமை தவறாமல் அழுது கும்பிட்டது நான். அதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். அடிவாரத்தில் தலையை நனைத்துக்கொண்டு நான் நிற்கும்போது உன் மாமியார், நானும் நேந்துக்கிட்டேன்ல சம்பந்தியம்மா என்று சொல்லிக்கொண்டு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். எலிவால் மாதிரி ஒரு முடி, உட்கார்ந்ததும் முடிந்தது. சுற்றி நின்றவர்கள், மருமகளுக்காக மொட்ட போடுற மாமியார எங்கயும் பாத்ததில்ல என்று ஒரே புகழ்ச்சி. அதன் பிறகு இடுப்புக்குக் கீழே தொங்கிய என் முடி விழுந்ததைப் பார்க்க ஆளில்லை. நீ சந்தனக் கிண்ணத்தோடு வந்து, எரியுதாம்மா என்று கேட்டாய். இல்லடி என்று நான் பதில்கூடச் சொல்லிவிட்டேன். நீ கேட்டது அவரை. எனக்கு எவ்வளவு பொறாமையாக இருந்தது என்று அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

உங்கள் ஊரில் என்னைக் கண்டிச்சீமைக்காரி என்றார்கள். இத்தனை வருடமும் நமக்கு ஊர் அக்கரையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி முகத்தில் பனி பட்டதும், அப்பா கொண்டுவந்த பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்ததும், இதுதான் என் இடம் என்று அழுகை வந்துவிட்டது. நாம் குடியிருக்கிற லயத்துக் காம்பராவின் அடுப்புப் புகைகூட வாசமாக இருந்தது. மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கங்காணி என்னைப் பார்த்து, பழனியாண்டவரே வேலைக்கு வந்துட்டாரு என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில்தானே மாட்டுகிறோம், முடியில்லாத தலையில் அது வழுக்கி வழுக்கித் தோலை அறுத்துவிட்டது. பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கிற காளியாயி தன் கம்பளியில் ஒரு துண்டைக் கிழித்து மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்து, எரியுதாக்கா என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள்.

இப்போது முக்கியமான விஷயம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அது முறை. இந்த நெலமையில புள்ளயக் கப்பல்ல ஏத்த மாட்டேன், நானே பாத்துக்கிறேன் என்று உன் மாமியார் சொன்னதற்கு நான் சண்டை பிடித்துக்கொண்டு புறப்பட்டது உனக்குத் தெரியும். தனுஷ்கோடியில் ஏறியதிலிருந்து தலைமன்னார் வரைக்கும் நான் வாந்தி எடுத்தேன், குடல்தான் பாக்கி. வயிற்றுப் பிள்ளையோடு நீ அதில் வரக்கூடாது. அந்தம்மா சொன்னது சரி. சரியாகச் சொல்லிவிட்டாரே என்றுதான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எனக்கும் இன்னொரு தடவை அக்கரைக்கு வரப் பாஸ்போட் சுலபத்தில் கிடைக்காது. அதனால் அங்கேயே பெற்றுக்கொள். மாதாமாதம் வருகிற வலிக்கே உன் இடது கால் மரத்துப்போகும், பிரசவ வலி வந்தால் அதை முதலில் பிடித்துவிட வேண்டும். பத்தியத்துக்குப் பூண்டைச் சுட்டுக் கொடுத்தால் தின்பாய், அவித்துக் கொடுத்தால் துப்புவாய். இதெல்லாம் அவருக்குத் தெரியாது, சொல்லிக்கொடு. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். இல்லை, நான் சொன்னதாகவே சொல்.

பாரம் தூக்காதே, வெயிலில் அலையாதே. தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து நூறு வயது இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் கும்பிடுகிறோம். மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. மறக்காமல் ஒன்று எழுது, எனக்கு இப்போதுதான் தலையில் முள் முள்ளாக முளைக்கிறது, அந்தம்மாவுக்கு எவ்வளவு வளர்ந்திருக்கிறது?

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
அழகம்மா