நீ மூச்சு வாங்கும் இடம்

இன்று காலை தூறிக்கொண்டே இருந்தது. நீதிமன்றத்தில் என் இடத்தில் உட்கார்ந்து பென்சில் எடுக்கப் பையைத் திறந்தேன். நீ தைத்துக் கொடுத்த அந்தத் தோல் பைதான். ஈரக் காற்றுப் பட்டால் போதும், உன் அத்தாவின் தோல் கிடங்கு வாசனை இன்னும் அதிலிருந்து கிளம்பிவிடுகிறது. முதலில் அதை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாங்கினேன். "ஜட்ஜு முன்னாடி உக்காரப் போறவளுக்கு மூக்கு எதுக்குடி? காதும் கையும் போதும்" என்றாய். சாட்சி பேச ஆரம்பித்தார். கை தன்பாட்டுக்குச் சுருக்கெழுத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தது. நானோ பேகம்பூரில், உன் வீட்டு மாடிப்படியில், உனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் படிக்கு நான் எப்படி வந்தேன் என்பதே வேடிக்கை. டைப் கிளாஸில் இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். நான் குஜிலியம்பாறை பஸ்ஸில் நசுங்கி வருவேன். நீ அடுத்த தெருவிலிருந்து தாமதமாக வருவாய். முதல் சுருக்கெழுத்துத் தேர்வில் நான் தேறினேன், நீ கோட்டை விட்டாய். உனக்கு அதில் துளிகூட வருத்தமில்லை. "எனக்குக் கை ஓடலடி, வாய்தான் ஓடுது. நான் வாசிக்கிறேன், நீ எழுது" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை அன்றைக்கே கீழே போட்டாய்.

என்னவெல்லாம் வாசித்தாய்! பேப்பர், கல்யாணப் பத்திரிகை, உன் அம்மாவின் இருமல் மருந்து புட்டியில் ஒட்டியிருந்த காகிதம். ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் "ம்" என்று ஒரு சின்ன மூச்சு வாங்குவாய். விட்டுப்போன சொல்லை நான் அந்த மூச்சுக்குள் எட்டிப் பிடித்துவிடுவேன். மாடியில் தோல் காயும், தெருவில் வண்டிகள் போகும், பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் நிறுத்துவாய், முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாய். இன்று நினைத்தால், அந்தச் சாயங்காலங்கள் எல்லாம் ஒரே சாயங்காலமாகத் தெரிகின்றன.

அப்புறம் நீதிமன்றத்தில் வேலை கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. கெடுவுக்குள் முதுநிலைச் சுருக்கெழுத்துத் தேர்விலும் தேறினால்தான் வேலை நிலைக்கும். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் வானம் பார்த்த காடு, மழை இல்லை, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. உனக்கு அது தெரியும். அதனால்தான் தொண்டை கட்டும்வரை வாசித்தாய்.

தேர்வில் வாசிக்க வந்தவர் ஓர் ஆண். கனத்த குரல். எண்ணெய் ஊற்றுவதுபோல ஒரே இழையாக வாசித்துக்கொண்டு போனார், எங்கும் மூச்சு விடவில்லை. என் கையோ நீ மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் நின்று நின்று காத்திருந்தது. பாதித் தாள் வெறுமையாகவே இருந்தது. ஒரே குரலுக்கு எழுதிப் பழகிய கை வேறென்ன செய்யும்?

முடிவு வந்த அன்று உனக்கு வந்த கோபத்தை நான் மறக்கவே மாட்டேன். என்மேல் இல்லை, உன்மேல். "நாந்தாண்டி ஒன்னயக் கெடுத்தேன். இனி ஒரு வரி ஒனக்கு வாசிச்சேன்னா ஏன்னு கேளு. சத்தியம்!" என்றாய். நான் அழுதேன். இன்னொரு தடவைதான் எழுத முடியும், அதோடு கெடு முடிந்துவிடும். "அழுது என்ன ஆகப்போகுது? கெளம்பு" என்று என் கையைப் பிடித்துத் தெருவில் இறக்கினாய்.

அதன்பிறகு இந்த ஊரே எனக்கு வாசித்தது. பூச்சந்தையில் மல்லியை ஏலம் விடுகிறவரின் முன்னால் என்னை நிறுத்தினாய். பஸ் நிலையத்தில், "எரியோடு, குஜிலியம்பாறை, ஏறு ஏறு" என்று கத்துகிற கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போடுவதை எழுத வைத்தாய். உன் அத்தா மூக்குப்பொடித் தும்மலுக்கு நடுவே பேப்பர் வாசித்தார். நடுவில் வந்த வியாபாரியைத் திட்டியதையும் சேர்த்தே எழுதினேன். "அதையுமா எழுதுன, பாவி!" என்று அவர் சிரித்தார். இத்தனைக்கும் நீ பக்கத்திலேயே இருப்பாய், முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு. செத்த நேரம் சும்மா இருக்கத் தெரியாத நீ, எனக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அம்மாடி, அதுதான் உலக அதிசயம்.

அடுத்த தேர்வில் வாசித்தவருக்கு ஜலதோஷம். இருமி, விழுங்கி, திடீரென்று வேகம் எடுத்தார். அறையில் பல பென்சில்கள் நின்றுபோயின, என் பென்சில் நிற்கவில்லை. தேறினேன், வேலை நிலைத்தது. நீயே தேறியதுபோலத் தெரு முழுக்கத் தம்ரூட் இனிப்பு கொடுத்தாய்.

சத்தியத்தை நீ மீறியது ஒரே ஒரு முறை. அத்தா போனபின், கிடங்குச் சுவர் வழக்கில் சாட்சி சொல்ல எங்கள் நீதிமன்றத்துக்கே வந்தாய். நீ என் தோழி என்று நீதிபதியிடம் முன்பே சொல்லிவிட்டேன். "சொல்றத அப்படியே எழுதுறதுதானே, எழுதுங்க" என்றார். கூண்டில் ஏறிய நீ என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் "ம்" என்று ஒரு மூச்சு. நீதிபதிக்குப் புரியவில்லை. "ஏம்மா நிறுத்தி நிறுத்திச் சொல்றீங்க?" என்று கேட்டார். "எழுதுறவுகளுக்கும் கை வலிக்கும்ல சார்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தாள் மங்கிப்போனது, ஆனாலும் ஒரு சொல்லும் விடவில்லை.

நீ போன அன்று உன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா, உன் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் உன்னைப் பற்றியே பேசினார்கள். என் ஆள்காட்டி விரல் மடியில் தானாக எழுதிக்கொண்டிருந்தது, எவர் குரலுக்கும் நிற்காமல். ஊர்க்குரல் அத்தனையையும் எனக்குக் கொடுத்துவிட்டு, உன் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாயேடி.

இன்றைய சாட்சி ஒரு லாரி டிரைவர். மூச்சுவிடாமல் பேசினார். "மெதுவா, மெதுவா, அம்மா எழுத வேணாமா?" என்று நீதிபதி தடுத்தார். "பரவால்ல சார், சொல்லட்டும்" என்றேன். அவர் கொட்டினார், நான் எழுதினேன். அந்தத் தோல் வாசனையில், ஒரு வாக்கியம் முடிந்த இடத்தில், என் பென்சில் தாளைவிட்டுக் கொஞ்சம் எழும்பி நின்றது. அவர் நிறுத்தவில்லை, பேசிக்கொண்டேதான் இருந்தார். ஒரு மூச்சு நேரம் நான் உனக்காகக் காத்திருந்தேன். பிறகு எட்டிப் பிடித்துவிட்டேன்.