பெரிய போனை மாத்த வேணாம்

தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்புமுன், தூங்கிக்கொண்டிருந்த கணவன் தயாபரனுக்குக் குணமணி காலண்டர் தாளின் பின்பக்கம் சீட்டு எழுதினாள். முந்தின மாலைதான் அவனுடைய புதுப் போனைப் பார்த்து, “இது சட்டைப் பையில நிக்காது. குனிஞ்சா விழுந்து உடையும். கடையில குடுத்துட்டுச் சின்னதா, கெட்டியா ஒண்ணு வாங்குங்க” என்று சண்டை பிடித்திருந்தாள். அவனும் முகத்தைத் தூக்கிக்கொண்டு படுத்துவிட்டான்.

“ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். சாவியப் பக்கத்து வீட்டுல குடுங்க. போனை மாத்த வேணாம். விடியக்காலையில யசோதினி கொழும்பிலேருந்து வீடியோவுல பேசுனா. பெரிய திரையில மொகம் பளிச்சுன்னு தெரிஞ்சிச்சு. நம்ம மக மூக்கு குத்தியிருக்கா. பழைய போன்ல இத்தனை நாளா அது தெரியவே இல்ல. விழாம இருக்க நான் பை தைச்சுத் தாறேன்.”

மடிக்கப் போனவள், அடியில் நெருக்கி எழுதினாள்: “மூக்குத்தி அவளுக்கு அழகாத்தான் இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. கேக்காம ஏன் குத்துனன்னு திட்டி வச்சிருக்கேன்.”