பதினாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல்

ஆகஸ்ட் 6, சனி

முக்கிய அறிவிப்பு. இன்று காலை ஆறு நாற்பது மணியளவில் என் மேலுதட்டின் இடது பக்கத்தில் நான்காவது முடி முளைத்திருப்பதைக் கண்ணாடி வட்டாரங்கள் உறுதி செய்துள்ளன. வலது பக்கம் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை. அம்மாவுக்குத் தகவல் சொல்லப்பட்டபோது, "மூஞ்சிய நன்னா அலம்பிண்டு வா, போயிடும்" என்றாள்.

புழுக்கம். மேகம் வருகிறது, மந்தைவெளியைப் பார்க்கிறது, பிடிக்காமல் திரும்பிப் போகிறது.

இன்றைய வேலைகள்:
1. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு (படம் மட்டும்).
2. அம்மாவின் டூ-இன்-ஒன் (ரேடியோ, டேப் இரண்டும்) ரிப்பேர் ஆகிவிட்டதா என்று ஜாஃபர் பாய் கடையில் பார்க்க.
3. மாலை ஏழு மணிக்குச் சபாவில் மாமனார் நாடகம். அப்பா மெம்பர். அம்மா வர மாட்டாள், அவள் டிக்கெட்டில் என் கிளாஸ் குமார். எனக்கு இது நான்காவது தடவை. எல்லா ஜோக்கும் மனப்பாடம். ஆவர்த்தன அட்டவணையிலும் ஒரு மாமனார் இருந்திருந்தால் நான் ஸ்டேட் ஃபர்ஸ்ட்.

1, 2 நாளைக்கு.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

நேற்று சரித்திரம் படைத்தேன். பேரன்கள் படிப்பதற்காக விவரமாக.

காட்சி இதுதான். ஹீரோ வேலை போகாமலிருக்க, தன் மாமனார் பம்பாயில் பெரிய புள்ளி என்று மேனேஜரிடம் அளந்திருக்கிறான். மேனேஜர் வீட்டுக்கே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு நைசாக நழுவி, பக்கத்து வீட்டிலிருந்து மாமனார் மாதிரி போன் பண்ண வேண்டும். சமையல்காரர் போனதும் ஹீரோ, "எங்க மாமனார் பேசினா டெல்லியே எழுந்து நிக்கும் சார்" என்பான். மேனேஜர், "அப்ப உங்க வீட்டு போன் மட்டும் ஏன்யா படுத்தே கிடக்கு?" என்பார். உடனே டிரிங் டிரிங். மேனேஜர் துள்ளி விழுவார். கைதட்டல்.

மேனேஜராக வருவது ரங்கமணி சார் (இனி ர.சா.). குழுவுக்குத் தலைவர், டைரக்டர் எல்லாம் அவரே. மாவு மெஷினில் வெண்கலப் பானை விழுந்த மாதிரி ஒரு குரல். அது எனக்கு அப்படியே வரும். மந்தைவெளியின் நம்பர் ஒன் பலகுரல் மன்னன் சும்மாவா.

நேற்று சமையல்காரர் காபி டம்ளரை நீட்டினாரோ இல்லையோ, பதினாலாவது வரிசை இருட்டில் தலையைக் குனிந்துகொண்டு எடுத்துவிட்டேன்: "அப்ப உங்க வீட்டு போன் மட்டும் ஏன்யா படுத்தே கிடக்கு?"

டிரிங் டிரிங்.

சத்தியமாக நானே எதிர்பார்க்கவில்லை. போன் அடிக்கிறது. போன் பண்ண வேண்டிய ஆள் டம்ளரோடு மேனேஜர் எதிரிலேயே நிற்கிறார். ஹீரோ போனைப் பார்க்கிறான், சமையல்காரரைப் பார்க்கிறான். கடைசியில் சமையல்காரரே போய் எடுத்து, "ஹலோ, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். ஹால் இடிந்து விழாத குறை. ர.சா. வாயைத் திறந்தார், மூடினார். வெண்கலப் பானை ஒலிக்கவில்லை. திரையை இறக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே காட்சி மறுபடியும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. போன் எப்போது அடிக்கும் என்று இப்போது ஊருக்கே தெரியும்.

குமார்: "மச்சி, இன்னாடா இது! அந்தாளே பேசினா மாரி கீதுடா!"

அப்பா முன்வரிசையிலிருந்து வந்தார். "எவனோ ஒரு தறுதலை. பெத்தவா என்ன பண்ணிண்டு இருக்காளோ."

பெற்றவர் தெப்பக்குளம் ஓரமாக வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். தறுதலை பக்கத்திலேயே, வாயில் கைக்குட்டையோடு.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

ஒருவழியாக மழை. செருப்பில் சகதி.

ஜாஃபர் பாய் கடை. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் தெருவில். பாய் ரேடியோவைப் பிளந்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்புவார். காதாலேயே சரி பண்ணுவார். யாரையும் எதுவும் கேட்டதில்லை. இன்று கேட்டார்.

"நைனா, இது கரகரன்னு கீதா, கிளீனா கீதா? நீ சொல்லு."

"கிளீனா இருக்கு பாய்."

"நெசமா?"

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

நாடகத்தில் அந்த போன் மணியை அடிப்பவர் இவர்தானாம். இடி, கார் ஹாரன், குழந்தை அழுகை, எல்லாம். பதினாறு வருஷமாக.

"தட்டிக்குப் பின்னால ஸ்டூல் போட்டுக் குந்திக்கினு இருப்பேன். ஸ்டேஜு தெரியாது நைனா. சாரு லைன சொன்னா அடிக்கணும். சொன்னாரு, அடிச்சேன். நான் சொல்லவே இல்லன்றாரு. எவனோ பொறுக்கி கத்தினானாம்."

"அது அவர் குரல் மாதிரியே இருந்துதுன்னு சொல்லலையா?"

"சொன்னேனே. என் கொரலு இன்னொருத்தனுக்கு வருமாய்யான்னு கேட்டாரு. உன் காது போச்சு பாய், வூட்ல ரெஸ்ட் எடுன்னுட்டாரு. ஞாயித்துக்கெழம அடையாறுல ஷோ. அதுக்கு வேற ஆளு." திருப்புளியைக் கீழே வைத்தார். "எனக்கு அது அவரு கொரலாத்தான் கேட்டுச்சு. அப்ப காது போயிடிச்சின்னுதான அர்த்தம்? இந்தக் காத நம்பித்தான் மனுசன் ரேடியோ குட்த்துட்டுப் போறான்."

டூ-இன்-ஒன்னை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் குரலுக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய பாராட்டு. வாயைத் திறந்து நன்றி சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 11, வியாழன்

கெ. டெஸ்ட் 11/25. மோர்க்குழம்பு. மழை இல்லை.

குமாரிடம் சொன்னேன். "கம்னு கெட மச்சி. சொன்னா பின்னிடுவானுங்க. உங்கப்பா வேற மெம்பரு. அந்த பாய்க்கு நெஜமாவே காது போயிருந்தா?"

போகவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என்ன செய்யலாம்:
(அ) ர.சா.வுக்குக் கையெழுத்தில்லாத கடிதம். நம்ப மாட்டார். குரலைக் காகிதத்தில் காட்ட முடியாது.
(ஆ) அப்பாவிடம் சொல்லுதல். ஹா.
(இ) ர.சா. எதிரில் நின்று, அவர் குரலிலேயே அந்த வரியைச் சொல்லுதல். இது ஒன்றுதான் சாட்சி.
(ஈ) இன்னும் யோசிக்கவில்லை.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடா ரெண்டு நாளா வாயே திறக்கல? ஜுரமா?"

ஜுரம் இல்லை. இருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 13, சனி

தி.நகர் போனேன். அங்கே ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை. ர.சா. எதிரில் நெஞ்சை நிமிர்த்தி நின்று வரியை எடுத்துவிட்டேன். அத்தனை பேரும் சிலை. ர.சா. கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டார். "பாய் காது தங்கம்" என்றார். குழுவில் சேருகிறாயா என்றும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சுபம்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

நேற்று எழுதியதில் 'தி.நகர் போனேன்' என்பது உண்மை. பள்ளிக்கூட ஹாலும் உண்மை.

யாரும் படிக்காத நோட்டில் ஏன் புளுகினேன் என்று தெரியவில்லை. நடந்தது இது.

கூட வந்த குமார் வாசல் கேட்டோடு நின்றுவிட்டான். உள்ளே ஆறேழு பேர், டீ குடித்துக்கொண்டு. "நான்தான் சார் அன்னிக்கு கத்தினேன். பாய் மேல தப்பு இல்ல." இவ்வளவும் எப்படியோ சொல்லிவிட்டேன். ர.சா. மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீயா? எங்க, கத்து பார்ப்போம்."

ஏழு ஜோடிக் கண். வாயைத் திறந்தேன். வாலை மிதித்த பூனைக்குட்டி மாதிரி ஒன்று வந்தது. இன்னொரு தடவை. இன்னும் சின்னப் பூனைக்குட்டி. சமையல்காரருக்கு டீ புரையேறிவிட்டது.

"இதுவாடா என் குரல்? இதைக் கேட்டா பாய் மணி அடிச்சார்?" ர.சா. மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அவர் காது மேல எனக்கு ஒரு சந்தேகம்தான் இருந்துது. இப்ப ஊர்ஜிதம் ஆயிடுத்து, பாவம். போப்பா, போய்ப் படி."

காப்பாற்றப் போய் முத்திரை குத்திவிட்டு வந்தேன். பஸ்ஸில் குமார் ஜன்னல் சீட்டை எனக்கே கொடுத்துவிட்டான். அவன் அதை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

இன்று காலை பாய் கடை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டிரான்சிஸ்டருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை.

"எனக்கோசரம் பொய் சொல்லாத நைனா."

முதுகைப் பார்த்தபடியே சொன்னேன்: "அப்ப உங்க வீட்டு போன் மட்டும் ஏன்யா படுத்தே கிடக்கு?"

வந்தது. வெண்கலப் பானையோடு வந்தது.

பாயின் இடது கை சட்டென்று மேஜை ஓரத்துக்குப் போனது. கட்டைவிரல் அங்கே இல்லாத சுவிட்சை அழுத்தியது. அவர் தன் விரலையே பார்த்தார். அப்புறம் திரும்பினார்.

"அட சாவுகிராக்கி! நீயாடா?"

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. கண்ணைத் திறந்தால், டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்து ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். கரகரப்பு போய் செய்தி தெளிவாகக் கேட்டது. சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்கவில்லை.

"கெளம்பு," என்றார். "சாயங்காலம் அடையாறுக்கு. சாரு காதுல போடணும் இத."

"மூஞ்சியப் பாத்தா வராது பாய். தட்டிக்குப் பின்னால நின்னு சொல்லட்டுமா?"

"எங்கனா நின்னு சொல்லு. வந்தா போதும்."

நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். இப்போது மூன்று இருபது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நம்பர் ஒன் பலகுரல் மன்னனுக்குக் குரல் வருவது இருட்டில், பதினாலாவது வரிசையில், தலையைக் குனிந்துகொண்டால், இல்லை எதிராளி முதுகைக் காட்டினால் மட்டும்தான். இப்போதுகூடக் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

பூனைக்குட்டி. மீசை முடி நாலும் பார்த்துக்கொண்டிருந்தன.