அட்டையில் இருக்கிற பெயர்

அக்டோபர் 20, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் தேவாலய வாசலில் மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனை பஸ் நிற்கிறது. ஒமாஹா ஆஸ்பத்திரியிலிருந்து. இலவசம், குடியேற்றக் காகிதம் எதுவும் கேட்க மாட்டார்களாம். பெண்கள் வரிசை தெருமுனைவரை. கூட்டத்தைப் பார்த்த பிறகு என் கை சும்மா இருக்குமா? என் கடைக்கு ஓடி, சோளமாவில் அவித்த தமாலே இரண்டு பானை ஏற்றி வந்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எவெலியா வரிசையில் நெளிந்துகொண்டிருந்தாள். அவள் மகளுக்கு ஞானத்தாய் நான். அதனால் ஒருவருக்கொருவர் கொமாத்ரே.

"பயமா இருக்கு கொமாத்ரே. திரும்பிடட்டுமா?"

"போடி. என் கடையில சும்மா குடுத்தா விட்டுட்டுப் போவியா?"

"உன் கடையில என்னைக்குச் சும்மா குடுத்திருக்க?"

வரிசையே சிரித்தது. போன் நம்பராக என் கடை நம்பரைக் கொடுத்தாளாம். கொடுக்கட்டும். இந்த ஊரில் பாதிப் பெண்கள் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

நவம்பர் 6

நோர்மா ஐரிஸ் கொயாசோ இருக்கிறாரா என்று போன். தேன் ஒழுகும் குரல், பள்ளிக்கூடத்து ஸ்பானிஷ். என்ன விஷயம் என்றால், "அவங்ககிட்டதான் சொல்ல முடியும்." அப்படிப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியாதா? கடன் வசூல், குடியேற்றத்துறை, ஓடிவந்தவளைத் தேடும் புருஷன் அனுப்பிய ஆள். "அப்படி யாரும் இல்ல" என்று வைத்துவிட்டேன். தெரிந்த பெயராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால்தானே இந்த ஊர்ப் பெண்கள் என் நம்பரைக் கொடுக்கிறார்கள்.

நவம்பர் 14

மறுபடி அதே தேன்குரல். "ரொம்ப அவசரம், சென்யோரா." வசூல்காரிக்கு என்றைக்கு அவசரமில்லை? இன்னொரு தடவை கூப்பிட்டால் வேறு மாதிரிப் பேசுவேன் என்றேன். அடங்கிவிட்டாள்.

சாயங்காலம் எவெலியா சோளமாவு வாங்க வந்தாள். "பஸ்காரங்க ஏதாவது சொன்னாங்களா கொமாத்ரே?"

"உன்னை யாரும் கேக்கல."

"அப்ப ஒண்ணுமில்ல." சிலுவை போட்டுக்கொண்டாள். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் வாங்கிப் போனாள்.

டிசம்பர் 12

குவாடலூப்பே மாதா திருநாள். ரோஜா அத்தனையும் மதியத்துக்குள் தீர்ந்தது.

பிப்ரவரி 3

எவெலியாவுக்குக் கை தூக்க முடியவில்லை. ஆலையில் நாள் முழுக்க மாட்டிறைச்சி வெட்டுகிற எல்லோருக்கும் கைவலிதான். தைலத்தை எடுத்து நீட்டினேன். "இது அந்த வலி இல்ல" என்றாள். சரக்கறைக்குள் இழுத்துப்போய்ச் சட்டையை விலக்கிக் காட்டினாள்.

என்ன பார்த்தேன் என்று எழுத வரவில்லை.

"பஸ்ல என்னடி சொன்னாங்க? எந்தப் பேர் குடுத்த?"

"ஆலை அட்டையில இருக்கிற பேரு. ரெண்டு எடத்துல ரெண்டு பேரு இருந்தா மாட்டிக்குவேன்னு..."

"என்ன பேரு அது?"

கதவைப் பார்த்தாள். பிறகு என் காதில் சொன்னாள்.

நோர்மா ஐரிஸ் கொயாசோ.

வேலைக்காகக் காசு கொடுத்து வாங்கின அட்டையில் யார் பெயர் இருக்கிறதென்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. அது மரியாதை. இத்தனை வருஷத்தில் நானும் அவளைக் கேட்டதில்லை.

பயறு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல — ஐயோ, எப்படிடி சொல்வேன்?

பிப்ரவரி 11

ஒமாஹா. முதுகெலும்புவரை போய்விட்டதாம். "நவம்பர்லயே வந்திருந்தா?" என்று கேட்டேன். டாக்டர் படங்களை உறைக்குள் போட்டு மூடினார்.

தேன்குரல்காரியையும் பார்த்தேன். சின்னப் பெண். "வேற யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சட்டம், சென்யோரா. வீட்டுக்கு வந்து பாக்கலாம்னா விலாசமும் எழுதல." திட்டத்தான் போனேன். எந்த வாயால் திட்டுவது?

திரும்பும் வழியில் எவெலியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே பனி மூடிய வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போனை எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் கொமாத்ரே" என்றாள்.

அடித்திருக்கலாம் அவள். அடித்திருந்தால் தேவலை.

மார்ச் 4

இனிச் செவ்வாய்க்கிழமை கடை பூட்டு. மருந்து ஏற்ற அவளைக் கூட்டிப்போகிறேன். ஆலைக் காப்பீடு நோர்மாவுக்குத்தான், எவெலியாவுக்கு ஒன்றுமில்லை. அவள் உழைத்து, அவள் சம்பளத்தில் பிடித்து, அவளுக்கு இல்லை. ஆஸ்பத்திரியின் தர்மக் கணக்கில் சேர்க்கச் சொல்லி நான் மேசை மேசையாகப் பேரம் பேசினேன். வாழ்நாளில் இப்படிப் பேரம் பேசியதில்லை. சேர்த்துவிட்டார்கள்.

எந்தப் பெயரில் கூப்பிடட்டும் என்று நர்ஸ் கேட்டாள்.

"எவெலியா. எவெலியா சொலானோ." காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.

ஏப்ரல் 22

மருந்தை நிறுத்திவிட்டார்கள். போதும் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

மே 30

எவெலியா போய்விட்டாள். காலையில், மகள் நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருக்கும்போது.

ஜூன் 24

செவ்வாய். இன்றாவது கடை திறக்கலாம் என்று வந்தேன். வாசலில் கிளெமென்சியா நிற்கிறாள். ஆலையில் எவெலியாவுக்குப் பக்கத்தில் நின்று வெட்டியவள். ஆள் ஒட்டகம் மாதிரி உயரம்.

"டோன்யா, எனக்கும் ஒண்ணு தட்டுப்படுது. சின்னதுதான், பட்டாணி அளவு. அடுத்த மாசம் பாத்துக்கலாமா?"

"அட்டையில என்ன பேரு உனக்கு?"

திடுக்கிட்டாள். அம்மணமாக நிற்கச் சொன்னது போல என்னைப் பார்த்தாள். நான் நகரவில்லை. கடைசியில் சொன்னாள். சொந்தப் பெயரையும் முழுசாகச் சொல்லச் சொன்னேன். பூட்டைத் தொடாமல் வண்டிச் சாவியை எடுத்தேன்.

முன் சீட்டில் உட்கார்ந்ததும் அவள் முட்டி இடித்தது. "ஐயோ, இவ்வளவு முன்னாடி யாரு இழுத்து வெச்சா?"

எவெலியா குள்ளம்.

"கீழ கம்பி இருக்கு" என்றேன். "பின்னாடி தள்ளிக்கோ."