பார்த்தவர்கள் முப்பத்தெட்டு

அன்புள்ள வாண்டுக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே சுகம், நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்தத் தடவை அதை ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன், பதிலையும் நிஜமாகவே எழுது. போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் போட்டால் உன் அம்மா ஸ்பீக்கரில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், நீயும் ஆபீஸ் கிளம்பணும்ப்பா என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடைஞ்சல் ஒன்றும் இல்லை, காலையிலிருந்து உள்ளே வந்தது ஒரு ஈ மட்டும்தான், அதுவும் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

அம்மாவுக்குக் கழுத்து வலி விட்டபாடில்லை, ஒத்தடம் கொடுத்துக்கொண்டே தையல் மிஷினில் உட்காருகிறாள், சொன்னால் கேட்கிற ஜென்மமா அது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஏணியில் ஏறிக் கர்ட்டன் கம்பி மாட்டும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்லும். இப்போது மாட்டுவதற்கு யார் வீட்டிலும் கூப்பிடுவதில்லை என்பதால் முழங்காலுக்கு நல்ல ஓய்வு.

கடைக்காக நீ எழுதி அனுப்பிய ஐந்து ஆப்பையும் போட்டேனா, எது உருப்படியாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, சொல்கிறேன். மேப்பில் கடையைக் குறிக்கிற ஆப்பை நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து போட்டேன். நீங்கள் இப்போது இங்கேதான் இருக்கிறீர்களா என்று கேட்டது, ஆமாம் என்று அமுக்கிவிட்டேன். அதன் பலன், ஒரு டீச்சரம்மா ஜன்னல் அளவை எழுதிக்கொண்டு நேராக நம் சமையலறைக்கே வந்துவிட்டார். உன் அம்மா ஈரக்கையோடு அவருக்குத் துணி காட்டினாள். அந்த ஆப் கொண்டுவந்த ஒரே கஸ்டமர் அவர்தான், அவரையும் தப்பான இடத்துக்குக் கொண்டுவந்தேன். படத்தின்மேல் எழுத்துப் போடுகிற ஆப்பில் நான் எழுதுகிற எழுத்து கர்ட்டனையே மறைத்துவிடுகிறது. நாம் தூங்கினாலும் தானே விளம்பரம் போடும் என்றாயே, அதில் நாளை ஒழுங்காகக் குறிக்கத் தெரியாமல் ஒரே விளம்பரம் ஒரே நாளில் ஒன்பது தடவை போய், உன் மாமாவே என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார். உருப்படியானது அந்த வாட்ஸ்அப் ஒன்றுதான், தைத்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள் நாலு பேருக்குச் சொல்வார்கள். ஆனால் அந்த நாலு பேரிடமும் ஏற்கெனவே கர்ட்டன் இருக்கிறது.

ஐந்தாவது ஆப், இன்டர்நெட்டில் நம் கடைப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகிறதே, அதைத்தான் நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். நீ பக்கம் செய்து கொடுத்த புதிதில் நாளுக்கு ஒன்று இரண்டுதான் என்று பழைய கணக்கும் அதில் இருந்தது, பதினோரு வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை தடாலென்று முப்பதைத் தாண்டியது. நீ ஆப் பட்டியல் அனுப்பியதும் அதே வாரம்தான், ஆக எல்லாம் அதனால் வந்த கூட்டம் என்று நினைத்துவிட்டேன். தினமும் கடை அடைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அம்மா செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் இன்னிக்கு எத்தனை பேர் என்பாள், முப்பத்தெட்டு என்பேன், அப்பாடா என்று தட்டு வைப்பாள். எந்தப் படத்தை அதிகம் பார்த்தார்கள் என்றும் அதில் வரும். எப்போதும் அந்தப் பச்சை கர்ட்டன்தான். ஊருக்கே பச்சை பிடித்திருக்கிறது என்று நான் முடிவு கட்டி, அம்மா அந்தக் கழுத்தோடு எட்டு ஜோடி பச்சை தைத்து முடித்தாள். கடையைக் காலி பண்ணிக் கொடுங்க என்று இடத்துக்காரர் கேட்டு வந்தபோது இந்த எண்ணை அவர் மூக்குக்கு நேரே காட்டி முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

போன புதன்கிழமை உள்ளே இடம் இல்லாமல் போன் நின்றுவிட்டது. வேண்டாத ஆப்பை எடுத்துத் தரச் சொல்லிப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கார அம்மாவிடம் கொடுத்தேன். அந்த எண்ணை அமுக்கினால் அடியில் இன்னும் விவரம் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள், அவர் அமுக்கிவிட்டார். சார், இது முப்பத்தெட்டு பேர் இல்ல சார், ஒரே ஆளுதான் முப்பத்தெட்டு தடவ பாத்திருக்காங்க, தெனமும் அதே ஆளுதான் என்றார். எந்த ஊர் என்றும் வாசித்தார். அங்க உங்களுக்கு யாரு சார் இருக்கா என்று கேட்டார். பழைய கஸ்டமர் ஒருத்தர் என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது உன் ஊர். கல்லாவுக்கு மேலே உன் ஊர் நேரத்துக்கு ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறேனே, அதை வைத்துக் கணக்குப் போட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை, உனக்குக் காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. சனி ஞாயிறில் ஒரு தடவைகூட இல்லை, ஊருக்கே லீவு என்று அதையும் நான் யோசிக்காமல் விட்டிருந்தேன். உங்கள் ஆபீஸ் வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள், வேலை முடிந்துதான் கைக்கு வரும், பகலில் கூப்பிடாதீர்கள் என்று நீதானே சொன்னாய். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்திருப்பாய் என்று ஒரு நிமிஷம் மனதைத் தேற்றிக்கொண்டேன். போனிலிருந்து என்று அதிலேயே போட்டிருக்கிறது.

பதினோரு வாரமாக உனக்கு வேலை இல்லை, அப்படித்தானே. கூட இருக்கும் பெண்களுக்குத் தெரியாமல் இருக்க தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கிறாய். எங்கே உட்காருகிறாய், மழைக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா, மத்தியானம் என்ன சாப்பிடுகிறாய் என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை வெடிக்கிறது. பச்சை கர்ட்டன் படத்தை நேற்றுப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் ஜன்னல் கண்ணாடியில் உன் அம்மா வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. ஆயிரம் தடவைக்கு மேல் நீ பார்த்தது எதை என்று இப்போதுதான் இந்த மரமண்டைக்கு ஏறியது. உன் முகவாட்டத்தை எண்ணி எண்ணி நான் வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல சேதியாகச் சொல்லியிருக்கிறேன். என்ன அப்பன் நான்.

உன்மேல் கோபம் இல்லை. கடை இருக்குடி, கிளம்பி வா என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே என்று என்மேல்தான் கோபம். இடத்துக்காரரிடம் நேற்று போய்ச் சாவியை மாதக் கடைசியில் தருவதாகச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் கடை போவதையும் சொல்லவில்லை, உன் விஷயத்தையும் சொல்லவில்லை. நேற்றும் எத்தனை பேர் என்று கேட்டாள். நாற்பத்திரண்டு என்றேன். கூடிடுச்சே என்று சந்தோஷப்பட்டாள். உனக்கு நாள் எவ்வளவு மோசமாகப் போயிருந்தால் நாற்பத்திரண்டு என்று நினைத்துக்கொண்டு நான் சோற்றைப் பிசைந்தேன். நாளைக்கு அந்த எண் பூஜ்யம் ஆனால், உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவதா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

நல்லா இரு. வயிற்றைக் காயப்போடாதே, குளிரில் வெளியே உட்காராதே, யாரிடமும் எதற்கும் தலை குனியாதே, என் ஆயுசையும் சேர்த்து நீ இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சனிக்கிழமை பேசும்போது ஸ்பீக்கரில் அம்மா இருப்பாள், அதனால் நான் எதையும் கேட்க மாட்டேன். பச்சை கர்ட்டன் எப்படி இருக்குப்பா என்று மட்டும் கேள், கடிதம் வந்து சேர்ந்தது என்று புரிந்துகொள்வேன். அந்த எட்டு ஜோடியில் ஒன்றை இங்கே வீட்டில் உன் அறை ஜன்னலில் மாட்டிவிட்டேன். நாலு விரல் நீளம் அதிகம். மடித்துத் தைத்துத் தருகிறேன் என்றாள் அம்மா, நான்தான் நீ வந்து பார்த்துச் சொல்வாய் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா